காப்பின் மேல் ஒட்டிய பிளாஸ்டர்

ஆபரேஷன் அறையில் எனக்கு 'தண்ணி அக்கா' என்று பெயர். வைத்தவர் எங்கள் மயக்க டாக்டரம்மா. சீனர், என் வயதுதான். பதினாறு வருஷமாக ஒரே மேசையின் தலைமாட்டில் நாங்கள் இரண்டு பேரும் நிற்கிறோம். அவருக்குத் தெரிந்த தமிழ் மொத்தம் மூன்று வார்த்தை: தண்ணி, போதும், ஐயோ. முதல் இரண்டும் எனக்கான உத்தரவு. மூன்றாவது அவர் வாயிலிருந்து வந்தால் அறையில் இருக்கிற அத்தனை பேரும் மானிட்டரைத் திரும்பிப் பார்ப்போம். மற்றதெல்லாம் இங்கிலீஷும் மலாயும் கலந்துதான் எங்களுக்குள் ஓடும்.

நோயாளி தூங்கியபிறகு அவர் கையில் ஏறுகிற டிரிப் தண்ணீருக்கு நான்தான் காவல். எவ்வளவு ஏறியது, எவ்வளவு வெளியே வந்தது, எப்போது பையை மாற்றுவது என்று பார்த்துப் பார்த்து எழுதுகிற வேலை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். "முப்பது வருஷ சர்வீஸ், பை மாத்துறதுதான் வேலையா?" என்று என் வீட்டுக்காரரே கேட்டிருக்கிறார். அவர் பிறை என்கிற ஊரில் பவர் ஸ்டேஷனில் நாள் பூராவும் மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர். "நீங்க முள்ளைப் பாக்குறீங்க, நான் சொட்டைப் பாக்குறேன், ரெண்டும் ஒண்ணுதான்லா, வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க" என்றேன். அதற்குப் பிறகு கேட்பதில்லை.

எடை குறைக்கிற ஆபரேஷன் நாட்களில்தான் என் வேலைக்கு மரியாதை கூடும். இரைப்பையில் முக்கால் பங்கை நறுக்கி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் அளவுக்கு வைத்துத் தைக்கிற ஆபரேஷன் அது. வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, உள்ளே காற்றை ஊதி, மேசையைத் தலைப்பக்கமாகத் தூக்கிவிடுவார்கள். அப்படித் தூக்கினால் ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கும், பிரஷர் தொங்கும். அந்த நேரத்தில் தண்ணீர் சரியாக ஓட வேண்டும்.

சரியாக என்றால் எவ்வளவு? அங்கேதான் சண்டையே. ஆள் பெரிசு, தண்ணீரும் நிறைய ஊற்று என்றுதான் யாருக்கும் தோன்றும். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பு அவ்வளவு தண்ணீர் கேட்பதில்லை. தராசு காட்டுகிற எடைக்குக் கணக்குப் போட்டு ஊற்றினால் தொண்டை வீங்கிவிடும், நுரையீரல் நனைந்துவிடும், எழுந்ததும் மூச்சுக்குத் திண்டாடுவார்கள். ரொம்பப் பிடித்து வைத்தாலோ பிரஷர் விழும், சிறுநீரகம் வாடும். எங்கள் டாக்டரம்மா இந்த விஷயத்தில் மகா கஞ்சம். ஒரு பை முடியுமுன் அடுத்த பையை நான் தொட்டால் கண்ணாலேயே கையில் அடிப்பார்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் ஒரு நாள் மடத்தனம் பண்ணினேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை. ஆபரேஷன் அறைக்கு வெளியே, நோயாளியை வாங்கிக்கொள்கிற இடத்தில், கட்டில் நிறைய ஒரு பெண் படுத்திருந்தாள். நாற்பது தொடவில்லை. பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள். நெற்றியில் திருநீறு, முகம் நிறையச் சிரிப்பு. ஃபைலில் நூற்று முப்பத்திரண்டு கிலோ என்று எழுதியிருந்தது. நான் அந்த எண்ணைப் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"பயப்படாதீங்க மிஸ்ஸி. நான் தூக்குற சரக்குப் பலேட்டுக்கு நான் எவ்வளவோ கம்மி" என்றாள். எங்கள் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். பேரன் எடுத்தாலும் மிஸ்ஸிதான்.

"ஏன்மா, இந்த வயசுல வெட்டிக்க வந்துட்டே? சாப்பாட்டைக் குறைச்சுப் பாக்கலையா?" என்றேன். என் வாய் அப்படி. எல்லோரிடமும் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

"பத்து வருஷமா குறைக்கிறேன் மிஸ்ஸி, அது என்னை விட்டுப் போக மாட்டேங்குது. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, தம்பிக்குத்தான் அவசரம்." பிறகு கடகடவென்று சொல்லிவிட்டாள். தம்பிக்கு ரெண்டு சிறுநீரகமும் போய் நாலு வருஷம். வாரத்துக்கு மூணு நாள் பட்டர்வொர்த்தில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருகிறான். இவளுடையது அவனுக்குப் பொருந்துகிறது. எல்லா டெஸ்ட்டும் பாஸ், எடையில் மட்டும் ஃபெயில். இவ்வளவு எடையோடு இருக்கிறவளிடமிருந்து ஒரு கிட்னியை எடுக்க முடியாது, குறைத்துவிட்டு வா என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள். "அதான் குறைக்க வந்துட்டேன்" என்றாள், பாசாருக்குப் போய்க் காய் வாங்கி வருகிற மாதிரி.

ஃபைலிலும் அவளை அனுப்பிய கிட்னி டாக்டர் ஒரு கடிதம் வைத்திருந்தார். இந்தப் பெண்ணின் சிறுநீரகங்களில் ஒன்று இன்னொருவருக்குப் போக வேண்டியது, பத்திரம் என்கிற தொனி. அதனால் வழக்கமாக வைக்காத சிறுநீர்க் குழாயும் பையும் இவளுக்கு வைப்பதாக ஏற்பாடு. ஒரு உடம்பில் ரெண்டு பேர் படுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் கையைப் பார்த்தேன். இடது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு துண்டு மஞ்சள்.

"இதை மட்டும் வெட்டிடாதீங்க மிஸ்ஸி."

"யாரு வெட்டுறா? மூடிடுறேன் பாரு" என்று, எல்லோருக்கும் செய்கிற மாதிரி, கயிற்றின் மேல் பிளாஸ்டரைச் சுற்றி ஒட்டினேன். தாலி, கருங்கயிறு, கழற்ற வராத மோதிரம், எல்லாவற்றுக்கும் எங்களிடம் அதே வைத்தியம்தான்.

இப்போது அந்தக் கேள்வி. மேசைக்குப் போகுமுன் ஒவ்வொருவரிடமும் கடைசியாக எப்போது சாப்பிட்டாய், எப்போது குடித்தாய் என்று கேட்டாக வேண்டும். வயிற்றில் சோறு இருந்தால் மயக்கத்தில் மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடும், ஆளே போய்விடலாம். ஆனால் வெறும் தண்ணீரை ரெண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். குடிக்கவும் வேண்டும், வார்டில் ஜூஸே கொடுப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். இருந்தாலும் முப்பது வருஷமாக ஒளித்துத் தின்றவர்களையே பிடித்துப் பிடித்து என் கேள்வி தேய்ந்துபோயிருந்தது. "அரை ரொட்டி சானாய்தானே மிஸ்ஸி" என்றவர்களை, "கோப்பி சாப்பாட்டுல சேராதே" என்றவர்களை எல்லாம் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! அதனால் நான் கேட்டது இப்படி:

"ஒண்ணும் சாப்பிடல, குடிக்கலையே?"

"ஒரு சொட்டுகூட இல்ல மிஸ்ஸி" என்றாள். அவ்வளவு பெருமையாகச் சொன்னாள்.

"சமத்து" என்று சொல்லி டிக் போட்டேன்.

டிரிப் ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை. மூன்று தடவை குத்தினேன். தடித்த கை, நரம்பு உள்ளே ஒளிந்துகொண்டிருக்கிறது என்று கையின் மேல் பழியைப் போட்டேன். உதடு வெடித்திருந்தது. பயமும் ஏர்கானும் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். கண் எதிரே எல்லாம் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

உள்ளே போனோம். டாக்டரம்மா தூங்க வைத்தார். தூங்கினதும் பிரஷர் கொஞ்சம் இறங்குவது வழக்கம்தான், ஆனால் இது கிடுகிடுவென்று இறங்கியது. மருந்து கொடுத்துத் தூக்கினார். நின்றது. சர்ஜன் ஒரு ஓட்டை போட்டுக் காற்றை ஊதினார், மேசையைத் தலைப்பக்கம் தூக்கினார்கள். அவ்வளவுதான். பிரஷர் எழுபது. நாடி நூற்று முப்பது.

"ஐயோ" என்றார் டாக்டரம்மா.

"நான் ஒரு ஓட்டைதானே போட்டேன், ரத்தம் எதுவும் இல்லையே" என்றார் சர்ஜன். காற்றை வெளியே விடச் சொன்னார் டாக்டரம்மா. மேசையை மட்டமாக்கினோம். அப்புறம் அவளுடைய ரெண்டு காலையும் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். ஒரு கால் எனக்கு, ஒரு கால் இன்னொரு ஸ்டாஃபுக்கு. இடுப்பு விட்டுப்போச்சு. ஆனால் பிரஷர் தொண்ணூறுக்கு ஏறியது. காலை இறக்கினதும் திரும்ப விழுந்தது. காலில் இருந்த ரத்தம் நெஞ்சுக்கு வந்ததும் தெம்பு வருகிறதென்றால், உடம்பில் ஓடுகிறது போதவில்லை என்று அர்த்தம்.

"ஆனா ஏன்?" என்றார் டாக்டரம்மா. "இவ ஏன் இப்படிக் காய்ஞ்சு கிடக்கணும்? காலையில ஜூஸ் குடுத்ததா வார்டுல எழுதியிருக்கு. நீயும் டிக் போட்டிருக்கே." காரணம் அதுவாக இல்லை என்றால் வேறு பயங்கரமெல்லாம் இருக்கிறது. இதயமாக இருக்கலாம், மருந்து ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். அதிலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்றினால் ஆளைக் கொன்றுவிடும்.

சர்ஜன் கையைக் கட்டிக்கொண்டார். "காரணம் தெரியாம நான் தொடர மாட்டேன். எழுப்பிடுங்க. வேற நாள் பாக்கலாம்."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் வேறு நாள் என்றால் திரும்ப எல்லா டெஸ்ட்டும், திரும்ப வரிசை. அதுவரைக்கும் அந்தத் தம்பி வாரத்துக்கு மூணு நாள் ஊசிக்குக் கையை நீட்ட வேண்டும். அதைவிடப் பெரிய பயம், இந்தப் பிரஷரில் இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தால் அவனுக்குக் கொடுக்க வைத்திருக்கிற சிறுநீரகமே கெட்டுப்போகும். மேசையோரம் தொங்கிய சிறுநீர்ப் பையைக் குனிந்து பார்த்தேன். அடியில் கொஞ்சமே கொஞ்சம் சிறுநீர், பால் விடாத தேநீர் இருக்குமே, அந்தக் கெட்டியான தே ஓ நிறத்தில்.

டிரிப் சரியாக ஓடுகிறதா என்று அவள் கையைப் புரட்டினேன். பிளாஸ்டர் ஓரத்தில் மஞ்சள் நூல் எட்டிப் பார்த்தது.

காப்பு!

நான் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகிறவள்தான். அதற்காகக் காப்பு என்றால் தெரியாதா? ஜெலுத்தோங்கில் எங்கள் ஃப்ளாட்டில் பாதி வீடு தைப்பூசத்துக்குக் காப்புக் கட்டுகிற வீடு. சும்மா யாரும் கட்டிக்கொள்வதில்லை. வேண்டிக்கொண்டு, விரதம் பிடித்து, நினைத்த காரியம் முடிகிறவரைக்கும் கட்டுவது. அந்தக் காப்பின் மேல் என் கையாலேயே பிளாஸ்டர் ஒட்டிவிட்டு, என்ன விரதம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீன டாக்டருக்குத் தெரியாது, வார்டில் இருந்த மலாய்ப் பிள்ளைக்குத் தெரியாது. அந்த இடத்தில் அதைப் படித்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான்தான்.

"ரெண்டே நிமிஷம் டாக்டர், இவ தம்பி வெளியில இருப்பான், கேட்டுட்டு வந்துடுறேன்" என்று சொல்லி, டிரிப் பக்கத்தில் இன்னொரு ஸ்டாஃபை நிறுத்திவிட்டு ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில் அப்படி ஓடினதில்லை.

கதவுக்கு வெளியே நாற்காலியில் ஒல்லியாக ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். மடியில் சின்னத் தண்ணீர் பாட்டில், அதில் கறுப்பு மார்க்கரால் கோடு கோடாகப் போட்டிருந்தது. டயாலிசிஸ்காரர்களுக்கு ஒரு நாளைக்கு அளவுத் தண்ணீர்தான், கோட்டைத் தாண்டினால் உடம்பு வீங்கிவிடும். பார்த்ததுமே தெரிந்துவிட்டது இவன்தான் என்று.

"தம்பி, உங்க அக்கா விரதமா? எப்பருந்து?"

எழுந்தே நின்றுவிட்டான். "முந்தாநாள் சாயங்காலம் கோயில்ல காப்புக் கட்டினதுலருந்து மிஸ்ஸி. பல்லுல தண்ணி படல. நேத்து மத்தியானம் வரைக்கும் வேலைக்கு வேற போயிட்டு வந்தா. சொல்லிப் பாத்தேன், கேக்கல. காலையில குடுத்த ஜூஸை என் கண்ணு முன்னாலயே சிங்க்ல ஊத்திட்டா. ஒரு கிளாஸ் முழுசா." அந்தக் கடைசி மூன்று வார்த்தையை அவன் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. "ஏன் மிஸ்ஸி, அவளுக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆக விடமாட்டோம். உக்காருங்க" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே பயமாக இருந்தது.

உள்ளே போய் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். ரெண்டு ராத்திரி, நடுவில் ஒரு முழுப் பகல், பச்சைத் தண்ணீர்கூட இல்லை. அதற்கு முன்னால் ரெண்டு வாரம் ஆபரேஷனுக்காக வெறும் பால்மாவு டயட். பிறை வெயிலில் ஃபோர்க்லிஃப்ட். "நான்தான் கேட்டேன், குடிக்கலன்னு சொன்னா, நல்லதுன்னு டிக் போட்டேன். எப்பருந்து குடிக்கலன்னு கேக்கல. தப்பு என்னோடது."

டாக்டரம்மா ஒரு துளி ரத்தம் எடுத்து மிஷினில் வைத்துப் பார்த்தார். உப்பு கொஞ்சம் ஏறியிருந்தது, பயப்படும்படி இல்லை. இதயத்தையும் ஸ்கேன் வைத்துப் பார்த்தார், நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது, உள்ளேதான் போதுமான ரத்தம் இல்லை. சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்து, "அரை மணி நேரம் பொறுக்கிறேன்" என்றார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "தண்ணி."

சூடேற்றிய பையைத் திறந்தேன். இருநூற்றைம்பது மில்லி. நிறுத்து, பார். பிரஷர் எழுபத்தெட்டு. இன்னொரு இருநூற்றைம்பது. நிறுத்து, பார். எண்பத்தைந்து. என் குற்றத்துக்கு ஈடாக ஒரு பீப்பாயையே கவிழ்த்துவிடலாம் போல எனக்குக் கை அரித்தது. மூன்றாவது தடவை கொஞ்சம் கூடுதலாக விடப் போனேன். படார் என்று கையில் ஒரு அடி. நிஜமான அடி.

"உன் பாவத்தைக் கழுவுறதுக்கு இவ உடம்பு இல்ல" என்றார். அப்படித்தான் பேசுவார், கல்மனசு. ஆனால் கண் மானிட்டரை விட்டு அகலவில்லை. ஐந்தாவது இருநூற்றைம்பது முடிந்தபோது காலைத் தூக்கிப் பார்த்தோம். தூக்கினாலும் இறக்கினாலும் பிரஷர் அதே நூற்றிப் பத்தில் நின்றது. நாடி தொண்ணூறுக்கு வந்துவிட்டது.

"போதும்" என்றார். அந்த வார்த்தையை அவ்வளவு இனிமையாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதினார்கள், மேசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார்கள். நின்றது. சர்ஜன் முகமூடிக்குள்ளேயே ஏதோ பாட்டை முனக ஆரம்பித்தார். அவர் முனகினால் வேலை நன்றாகப் போகிறதென்று அர்த்தம்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. சிறுநீர்ப் பை அசையவே இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குனிந்தேன். அதே தே ஓ, அதே கோடு. "இன்னும் ஒரு பை விடலாமே டாக்டர்" என்று கெஞ்சினேன். "காத்து உள்ள இருக்கிறப்ப கிட்னி பேசாது. அது உனக்கே தெரியும். பிரஷர் பேசுது பாரு, அதைக் கேளு" என்றார். தெரியும்தான், ஊதின காற்று உள்ளே அழுத்தும்போது சிறுநீர் இறங்காது. வேறு யாருக்காவது என்றால் நானே அந்தப் பாட்டைப் பாடியிருப்பேன். மாதாவிடம் மனசுக்குள் வேண்டிக்கொண்டே நின்றேன். அவள் முருகனிடம் ஏற்கனவே சொல்லி வைத்திருந்தாள். ரெண்டு பக்கமும் சொல்லி வைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லையே.

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. எழுப்பி, மூச்சுக் குழாயை எடுத்து, கண்விழிப்பு அறைக்குக் கொண்டுபோனோம். என் வேலை அந்தக் கதவோடு முடிகிறது. நான் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த டியூபையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. அப்புறம் வரிசையாக, வெளுத்த நிறத்தில், ஓட ஆரம்பித்தது பாருங்கள்! நான் கை தட்டிவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் மூட்டு ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த சீனத் தாத்தா விழித்துக்கொண்டு என்னவோ பரிசு விழுந்திருக்கிறது என்று நினைத்துச் சிரித்தார். டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். பையைத் தூக்கிக் காட்டினேன். "ஐயோ!" என்றார். முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டே.

மறுநாள் ரத்தப் பரிசோதனை வந்தது. சிறுநீரகத்துக்கு ஒரு குறையும் இல்லை. அந்தச் செய்தி கையில் வந்த பிறகுதான் வார்டுக்குப் போனேன். அதற்கு முன்னால் போயிருந்தால் அழுதிருப்பேன், திட்ட முடியாமல் போயிருக்கும்.

அவள் சாய்ந்து உட்கார்ந்து, மருந்து அளக்கிற சின்னக் கப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு நாக்கால் தொட்டுத் தொட்டுக் குடித்துக்கொண்டிருந்தாள். புதிதாகச் சுருங்கின வயிற்றுக்கு அவ்வளவுதான் கொள்ளும்.

"உனக்கு மூளை இருக்கா?" என்று ஆரம்பித்தேன். "இவ்வளவு பெரிய வண்டி ஓட்டுறே, எண்ணெய் இல்லாம ஓட்டுவியா? ஜூஸை ஊத்தினியாமே ஜூஸை! அங்க பிரஷர் விழுந்து எங்க உசுரு போச்சு தெரியுமா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது சொன்னாள்:

"அவன் நாலு வருஷமா தாகத்தோட இருக்கான் மிஸ்ஸி. வீட்டுல அவன் எதுக்க தண்ணி குடிக்கவே எனக்கு வாய் வராது. ஆபரேஷன் நல்லபடியா முடியுற வரைக்கும் நானும் அப்படி இருக்கேன்னு வேண்டிக்கிட்டேன். ரெண்டு நாளே தாங்கல மிஸ்ஸி. நாக்கு மேல ஒட்டிக்குது. அவன் எப்படித்தான் இருக்கான்?"

இருந்தாலும் பாதியில் விடுகிற ஆள் இல்லை நான். கட்டில் ஓரம் உட்கார்ந்து, "அடிப் பைத்தியமே, நீ பட்டினி போட்டது உன்னை இல்லடி. அவனுக்குன்னு எடுத்து வச்ச கிட்னியை" என்றேன்.

அவள் அதை நினைத்தே பார்த்திருக்கவில்லை. கப் கையிலேயே நின்றது. முகம் என்னமோ ஆகி, கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "அழாதே, அழுதா அதுவும் தண்ணிக் கணக்குல போயிரும்" என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள், தையல் வலித்து "அம்மா" என்றாள், திரும்பச் சிரித்தாள். அவள் கேட்டதால் பிளாஸ்டரை நானே மெதுவாகப் பிரித்தேன். வேண்டுதல் முடிந்துவிட்டதாம். காப்பை அவிழ்த்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள், கோயிலில் கொண்டுபோய்ச் சேர்க்க. மன்னிப்பு என்னிடம் கேட்டாள். நியாயமாக நான்தான் கேட்டிருக்க வேண்டும், கேட்டேன். "சரியாப் போச்சு மிஸ்ஸி, ரெண்டு பேரும் சமம்" என்றாள்.

என் தவறை நானே எழுதிக் கொடுத்தேன். அதிலிருந்து எங்கள் தாளில் அந்தக் கேள்வி மாறிவிட்டது. கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள், எவ்வளவு, குடிக்கவில்லை என்றால் ஏன். கையில் காப்பு இருந்தால் பிளாஸ்டரைத் தொடுமுன் விசாரணை. இப்போதெல்லாம் காலையில் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன் என்று யாராவது சொன்னால் நான் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுகிறேன். குடிக்காதவர்களுக்குத்தான் அர்ச்சனை. உலகமே தலைகீழாகிவிட்டது என்று பழைய ஸ்டாஃபெல்லாம் சிரிக்கிறார்கள்.

அவளும் சொன்னபடி குறைந்தாள். வார்டு பக்கம் செக்கப்புக்கு வரும்போதெல்லாம் என்னை எட்டிப் பார்த்து, எவ்வளவு போயிற்று என்று விரலைக் காட்டிவிட்டுப் போவாள். ஒரு வருஷம் கழித்து எடையிலும் பாஸ். கோலாலம்பூரில் பெரிய ஆபரேஷன் நடந்தது. அதன் செய்தியெல்லாம் போனில் வந்தது. அக்காவிடமிருந்து எடுத்தது தம்பிக்குள் போன அன்றைக்கே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதாம். "உங்க பை மாதிரியே ஓடுது மிஸ்ஸி" என்று கத்தினாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டுகிறார்கள். ஜெலுத்தோங் ஃப்ளாட்டில் அன்றைக்கு லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஏழு மாடி ஏறி வந்து ரெண்டு பேரும் நிற்கிறார்கள். எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. பாதியாகிவிட்ட அவள். கன்னம் வைத்துவிட்ட அவன். மூச்சு வாங்கிக்கொண்டு, வேர்த்துக்கொண்டு, ரெண்டு பேரும் இளிக்கிறார்கள்.

யார் வந்தாலும் முதலில் தண்ணீர்தானே கொடுப்போம். பழக்க தோஷத்தில் ரெண்டு டம்ளர் நிறைய ஊற்றிக்கொண்டு வந்து நீட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இவனுக்கு டம்ளர் தண்ணீரை நீட்டக்கூடிய காலம் ஒன்று வரும் என்று அந்த நாற்காலியில் பார்த்தபோது நான் நினைத்திருக்கவில்லை.

"குடிக்கலாம்லா?" என்று கேட்டேன்.

"ஒரு நாளைக்கு மூணு லிட்டர் குடிக்கணும்னு டாக்டர் ஆர்டர் மிஸ்ஸி" என்றான். டம்ளரை வாங்கி அண்ணாந்து, நிறுத்தாமல், மடக்மடக்கென்று ஊற்றிக்கொண்டான். அவள் தன் டம்ளரில் ஒரு வாய் நனைத்துவிட்டு, அவன் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் ஒரே மூச்சில் குடிக்க முடியாது. இனி எப்போதும் சின்னச் சின்ன வாய்தான். பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள், நாள் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க. அன்றைக்கு அவன் மடியில் இருந்த அதே பழைய பாட்டில், அதே கறுப்புக் கோடுகள். இப்போது அந்தக் கோட்டைத் தொட்டாக வேண்டும் என்று அவளுக்குக் கட்டளை.

அவன் காலி டம்ளரை வைத்தான். அவள் தன்னுடையதை அவன் பக்கம் தள்ளினாள்.

"என் பங்கையும் நீயே குடிடா" என்றாள்.

அவன் அதையும் எடுத்தான். நான் உள்ளே போய் ஜக்கோடு எடுத்துக்கொண்டு வந்தேன்.